‘கிரே’ துணி: திருப்பூர்ப் பின்னலாடை வட்டாரத்தில் ஓர் ஆங்கிலப் பெயரடையின் பொருள் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் சாம்பல் நிறத்தைக் குறிக்கும் ‘கிரே’ என்னும் பெயரடை, திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் வெளுக்கவோ சாயமிடவோ படாத துணியைக் குறிக்கிறது. இச்சொல் நிறப்பெயராகவன்றி நிலைப்பெயராக வழங்குவதையும், அந்நிலையின் எல்லை எங்கே முடிகிறது என்பதை வணிகமும் வரிச்சட்டமும் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறாக வரையறுத்ததையும், அவ்வரையறைகள் துணிக்கு உரியவர், அதைப் பதப்படுத்துபவர் ஆகியோரின் பொறுப்புகளைப் பிரித்த விதத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கிரே, காடா, கோரா, கோடி, ஜாப் ஒர்க், சாயத்தொழில், நொய்யல்.

முன்னுரை

வட்டப் பின்னல் இயந்திரத்திலிருந்து குழாய் வடிவில் இறங்கிச் சுருளும் பருத்தித் துணி சாம்பல் நிறத்தில் இருப்பதில்லை. அது வெளிர்மஞ்சள் சாயலுடைய மங்கிய வெண்மை. ஆங்காங்கே பருத்திக்கொட்டைத் துகள்களும், ஊசிகளுக்கு விடப்படும் எண்ணெயின் கறைகளும் அதில் தென்படும். அதனைத் திருப்பூரில் ‘கிரே துணி’ என்கின்றனர். ‘கிரே வெயிட்’, ‘கிரே ஸ்டாக்’, ‘கிரே ஜிஎஸ்எம்’ என்று அச்சொல் அடையாக முன்னிற்கும். ‘கிரே வந்துருச்சுங்களா?’ என்னும்போது பெயர்ச்சொல்லாகவே நின்றுவிடும். ‘துணி இன்னும் கிரேலதான் இருக்கு’ என்பதில் ஏழாம் வேற்றுமை ஏற்று ஓர் இடம்போல ஒலிக்கும். ஆங்கிலத்தில் பெயரடையாக உள்ள ஒரு சொல் தமிழ்ப் பேச்சில் இடமாகவே மாறியிருப்பது தற்செயலன்று. பின்னலாடைத் தொழிலில் துணி என்பது இடம்விட்டு இடம் செல்லும் பொருள். நிட்டிங் ஓரிடம், சலவையும் சாயமும் மற்றோரிடம், காம்பாக்டிங் இன்னோரிடம், தையல் வேறோரிடம். ‘கிரேயில் இருக்கிறது’ என்றால் துணி இன்னும் சாயப்பட்டறையின் வாயிலைக் கடக்கவில்லை என்பது பொருள்.

திருப்பூரைப் பற்றிய ஆய்வுகள், குறிப்பாக 1990களில் பத்மினி சுவாமிநாதன், ஜெ. ஜெயரஞ்சன், பமீலா காதோர்ன் ஆகியோர் எழுதியவையும், 2004இல் வெளிவந்த சரத் சாரியின் நூலும், இத்தொழிலின் துண்டுபட்ட அமைப்பினை விரிவாகப் பேசியுள்ளன. அவ்வமைப்பினை நாள்தோறும் பெயரிட்டு நடத்தும் சொற்கள்மீது ஆய்வாளர் கவனம் அந்த அளவுக்குச் சென்றதில்லை. ‘கிரே துணி’யைச் ‘சாம்பல் துணி’ என்று பெயர்த்தால் பிழை என்பது எளிதில் விளங்கும். அவ்வாறாயின் சரியான பெயர்ப்பு எது என்பதுதான் எளிதில் விளங்காதது.

நிறமும் நிலையும்

ஆங்கிலத்தின் ‘கிரே’ பழைய ஆங்கிலக் காலம் தொட்டே நிறப்பெயராக வழங்கும் சொல். நெசவுத்துறையில் இதனுடன் ஒலியொத்த மற்றொரு சொல்லும் உண்டு. இத்தாலிய மொழியில் பதப்படாததைக் குறிக்கும் ‘கிரெஜ்ஜோ’, பிரெஞ்சில் கச்சாப் பட்டினைச் சுட்டும் ‘கிரேழ்’ ஆயிற்று. அது இருபதாம் நூற்றாண்டில் ‘கிரேஜ்’ என்று ஆங்கிலத்துக்குள் வந்தது. அதனைச் சான்றாகக் கொண்டு, நெசவுத்துறையின் ‘கிரே’யும் இவ்வழி வந்ததே, நிறத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று கூறுவோர் உளர். காலவரிசை இதற்கு இடந்தரவில்லை. பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்துக்குள் வருவதற்கு நெடுநாள் முன்பே மான்செஸ்டர் வணிகர் வெளுக்காத பருத்தித் துணியைக் ‘கிரே’ என்றே விற்றுவந்தனர். ஒலியொற்றுமை பிற்காலத்தில் இரண்டையும் நெருக்கியது என்று கொள்வதே பொருத்தம்.

வெளுக்காத துணிக்கு ஆங்கிலேயர் எப்போதும் இந்நிறத்தையே பெயராக வைத்தவரும் அல்லர். சோழமண்டலக் கரையில் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிய நீளத்துணிகளில் வெளுக்காதவை ‘பிரவுன்’ என்றே குறிக்கப்பட்டன. அவ்வாறு வந்த துணியை வெளுப்பதற்கென்றே சென்னையில் சலவைத் தொழிலாளர் குடியமர்த்தப்பட்டனர். வண்ணாரப்பேட்டை என்னும் பெயர் அவ்வழி வந்தது. 1734இல் நிறுவப்பட்ட சிந்தாதிரிப்பேட்டையிலும் நெசவாளருடன் சலவைத் தொழிலாளருக்கும் இடமளிக்கப்பட்டது. ஒரே துணி கம்பெனிக் காலத்தில் பழுப்பாகவும், மான்செஸ்டர்க் காலத்தில் சாம்பலாகவும் பெயர்பெற்றதெனில், இரண்டு சொற்களிலும் நிறம் வெறும் சாக்கு. சுட்டப்படுவது, வெளுப்பு இன்னும் நிகழவில்லை என்னும் இன்மை.

தமிழில் இந்நிலையைக் குறிக்கும் சொற்கள் வேறுவகையானவை. ‘கோடி’ என்பது புதிய, நீர்படாத துணி. மங்கலச் சடங்குகளிலும் இறப்புச் சடங்குகளிலும் கோடித்துணிக்குத் தனியிடம் உண்டு. கொங்கு நாட்டில் இறந்தவருக்கு உறவினர் கோடி போடும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. இச்சொல்லில் குறை எதுவும் சுட்டப்படுவதில்லை. யாரும் உடுத்தாத, எதுவும் தீண்டாத நிலையே அத்துணியின் தகுதி. ‘கோரா’ இந்தி வழி வந்தது. அதுவும் புதியது, நனையாதது என்னும் பொருளுடையது. புவிசார் குறியீடு பெற்ற கோவை கோரா காட்டன் சேலையின் பெயரில் அது நிலைத்துள்ளது. தடித்தது, முரடானது என்னும் பொருளுடைய இந்திச் சொல்லிலிருந்து வந்த ‘காடா’ தரத்தைப் பற்றிப் பேசுகிறது. ஆகவே கோடியும் கோராவும் துணி எதுவாக இருக்கிறது என்று சொல்கின்றன, காடா அது எத்தகையது என்று சொல்கிறது. அது இன்னும் எதுவாகவில்லை என்று சொல்வது ‘கிரே’ ஒன்றே.

காடாவும் கிரேயும்

திருப்பூர் வட்டாரத்திற்குள்ளேயே இச்சொற்கள் இடம்பிரித்து வழங்குகின்றன. பல்லடம், சோமனூர், மங்கலம் பகுதிகளின் விசைத்தறிகளில் நெய்யப்படும் வெளுக்காத துணி ‘காடா’. ஒரு மணிநேரப் பயணத்துக்குள் அடங்கும் திருப்பூர் நகரில் பின்னப்படும் வெளுக்காத துணி ‘கிரே’. விசைத்தறியாளர் கூலி உயர்வு கோரி நடத்திய வேலைநிறுத்தங்களைப் பற்றிய நாளிதழ்ச் செய்திகளில், 2022ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நிகழ்ந்த நீண்ட வேலைநிறுத்தம் உட்பட, ‘காடா துணி உற்பத்தி’ என்றே காணப்படும். அங்கே ‘கிரே’ அரிது.

பொருள் வேறுபாடும் ஓரளவு உண்டு. நெய்யும் துணியின் பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றப்படுகிறது. எனவே காடா விறைப்பானது, அதைப் பதப்படுத்துவதில் முதல் வேலை கஞ்சி நீக்கம். பின்னல் துணிக்குக் கஞ்சி இல்லை. ஆனால் சொற்பிரிவுக்கு இதுவே முழுக் காரணமன்று. காடா தனக்கென ஒரு சந்தை உடையது. அப்படியே விற்கப்படும், வெளிமாநிலங்களுக்கு அனுப்பப்படும். விசைத்தறியாளர் அதை நெய்து ஜவுளி உற்பத்தியாளரிடம் ஒப்படைத்ததும் அவரது வேலை முடிந்தது, கூலி கணக்கிடப்பட்டது. அவர்மட்டில் காடா ஒரு முடிந்த பொருள். பின்னல் துணிக்கு அத்தகைய நிற்குமிடம் குறைவு. ஏற்றுமதியாளர் நூல் வாங்கி நிட்டிங்குக்குக் கொடுக்கிறார், கிரேயைப் பெற்றுச் சாயத்துக்கு அனுப்புகிறார். எல்லாக் கட்டத்திலும் துணி அவருடையது, வேலை மட்டுமே பிறருடையது. துணி எங்கு நிற்கிறது என்பதைச் சொல்லும் சொல்லே அத்தொழிலுக்குத் தேவைப்பட்டது.

கிரேயின் எடையில் உள்ள சிக்கலும் இதனோடு சேர்ந்தது. பருத்தி இழையில் செல்லுலோசுடன் மெழுகும் பெக்டினும் கலந்துள்ளன. சலவையில் அவை நீங்க, துணியின் எடை குறையும். சாயக்கூலி கிரே எடையில் கணக்கிடப்பட, ஆடைக்கணக்கோ பதப்பட்ட எடையில் அமைகிறது. இடைப்பட்ட ‘புராசஸ் லாஸ்’ எவ்வளவு வரை இயல்பு, எதற்குமேல் சாயப்பட்டறையின் பொறுப்பு என்பது இத்தொழிலின் ஓயாத வழக்குகளுள் ஒன்று. நிறத்துக்குத் தொடர்பில்லாத ‘கிரே’, இவ்விடத்தில் கிலோக் கணக்கில் பணமாகிறது.

சுங்க ஏடுகளில் கிரே

இச்சொல்லை இந்தியாவில் நிலைபெறச் செய்தவை வணிகரின் பேச்சைக் காட்டிலும் அரசின் ஏடுகளே. காலனிய இந்தியாவின் கடல்வணிகப் புள்ளிவிவரங்கள் இறக்குமதியான பருத்தித் துணிகளைக் கிரே, வெள்ளை, வண்ணம் என்று மூன்றாகப் பகுத்தன. முதல் சொல் பதப்படாமையைக் குறிக்க, மற்ற இரண்டும் நிறத்தைக் குறிக்கின்றன. ஒரே வரிசையில் வைக்கப்பட்டதால் மூன்றும் நிறங்கள்போலத் தோன்றின.

இப்பகுப்பின் பின்னே பெரும் பூசல் இருந்தது. லங்காஷயர் ஆலை முதலாளிகளின் வற்புறுத்தலால் 1878இல் முரட்டுப் பருத்தித் துணிவகைகள் சிலவற்றுக்கு இறக்குமதி வரி நீக்கப்பட்டது. 1879இல் வைஸ்ராய் லிட்டன் தம் ஆலோசனைக் குழுவின் பெரும்பான்மைக் கருத்தை மீறி, 30ஆம் எண்ணுக்கு மேற்படாத நூலில் நெய்த துணிகள் அனைத்துக்கும் விலக்கை விரித்தார். 1882இல் பருத்தித் துணிமீதான வரி முற்றிலும் நீங்கியது. அரை நூற்றாண்டு கழித்துக் காற்று திசைமாறியது. 1930ஆம் ஆண்டுப் பருத்தி ஜவுளித் தொழில் பாதுகாப்புச் சட்டம், பிரிட்டிஷ் துணிக்கு 15 விழுக்காடும் பிறநாட்டுத் துணிக்கு 20 விழுக்காடும் வரி விதித்தபோது, ‘பிளெயின் கிரே’ துணிக்கு மட்டும் ராத்தலுக்கு மூன்றரை அணா என்னும் குறைந்தபட்ச வரியையும் சேர்த்தது. இந்திய ஆலைகள் மிகுதியாக நெய்தது அவ்வகையே என்பதால், காக்கவேண்டிய பொருளின் சட்டப்பெயராகக் ‘கிரே’ ஆயிற்று.

திருப்பூரின் முதல் பின்னல் தொழிற்கூடம் 1925இல் தோன்றியதாகக் கூறுவர். அதே ஆண்டில் அமைந்த அகில இந்திய நூற்போர் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளைக்கும் திருப்பூரே நடுவமாயிற்று. வெளுக்காத கதரைப் பெருமையுடன் உடுத்தும் ஒரு தலைமுறை அங்கே உலவியபோது, பின்னல் தொழிலாளர் வெண்பனியனுக்கான துணியைப் பின்னிக்கொண்டிருந்தனர் என்பது ஒரு சுவையான உடனிகழ்வு.

‘உற்பத்தி’ என்பது எது?

விடுதலைக்குப் பின் கிரேயின் எல்லை கலால் வரியின் சிக்கலாயிற்று. 1944ஆம் ஆண்டு மத்தியக் கலால், உப்புச் சட்டப்படி வரி ‘உற்பத்தி’யின்மீது விழும். கிரே துணியை வாங்கி வெளுத்து, சாயமிட்டு, அச்சிட்டுத் தரும் ஒருவர் புதிய பொருளை உற்பத்தி செய்கிறாரா, இருக்கும் பொருளை மெருகேற்றுகிறாரா? 1979இல் விஜய் டெக்ஸ்டைல்ஸ் வழக்கில் குஜராத் உயர் நீதிமன்றம், பதப்படுத்தலால் புதிய பொருள் தோன்றவில்லை என்று தீர்ப்பளித்தது. பருத்தித் துணியாக உள்ளே போனது பருத்தித் துணியாகவே வெளியே வருகிறது என்பது அதன் சாரம். அத்தீர்ப்பின்படி துணி என்னும் பொருள் கிரேயிலேயே முழுமையடைந்துவிட்டது.

நடுவண் அரசு இதனை ஏற்கவில்லை. 1979 நவம்பர் 24இல் ஓர் அவசரச் சட்டமும், அதனைத் தொடர்ந்து 1980இன் 6ஆம் எண் சட்டமும் வந்தன. வெளுத்தல், சாயமிடல், அச்சிடல் முதலியன ‘உற்பத்தி’ என்னும் சொல்லின் வரையறைக்குள் பின்னோக்கிய விளைவுடன் சேர்க்கப்பட்டன. உச்ச நீதிமன்றம் 1985இல் எம்பயர் இண்டஸ்ட்ரீஸ் வழக்கிலும், 1988இல் ஐந்து நீதிபதிகள் அமர்வாக உஜாகர் பிரிண்ட்ஸ் வழக்கிலும் இதனை உறுதிசெய்தது. கிரே துணியும் பதப்பட்ட துணியும் வணிகத்தில் இருவேறு பொருள்கள் என்பது சட்டத்தின் முடிவாயிற்று.

இதில் மிகவும் கவனிக்கத்தக்கது வரி கணக்கிடும் முறை. கூலிக்குப் பதப்படுத்துபவருக்குத் துணி சொந்தமன்று, அவர் பெறுவது கூலி மட்டுமே. எனினும் கிரே துணியின் மதிப்பையும், பதப்படுத்தும் கூலியையும், அவரது ஆதாயத்தையும் கூட்டிய தொகையே வரிக்குரிய மதிப்பு என்று உஜாகர் பிரிண்ட்ஸ் தீர்ப்பும் 1989ஆம் ஆண்டு அதன் விளக்கமும் வகுத்தன. தமக்கு உரிமையில்லாத துணியின் மதிப்பைச் சேர்த்து, பதப்படுத்துபவர் வரி கட்டவேண்டும்.

வழக்காடியவர்கள் மேற்கிந்திய நெசவுத்துணிப் பதப்படுத்துவோர், திருப்பூர்ப் பட்டறையாளர் அல்லர். ஆனால் வழக்கின் மையத்தில் இருந்த உறவு திருப்பூரின் ஜாப் ஒர்க் உறவே. கிரே ஒருவருடையது, கிரேயை மாற்றும் வேலை மற்றொருவருடையது. அவ்விருவருள் சட்டம் யாரைப் பார்த்துப் பேசும் என்னும் கேள்வி, பின்னாளில் வேறொரு வடிவில் நொய்யல் கரைக்கு வந்தது.

கிரே முடியும் இடத்தில் நொய்யல்

வெண்பனியன் காலத்தில் கிரேயை அடுத்த கட்டம் சலவை. 1970களின் பிற்பகுதியில் ஏற்றுமதி தொடங்கி 1980களில் பெருகியபோது, வெளிநாட்டுச் சந்தை வண்ண ஆடையைக் கேட்டது. சலவைப்பட்டறைகளுடன் சாயப்பட்டறைகளும் பெருகின. பருத்தியை வினைபடு சாயங்களால் நிறமேற்ற உப்பு வேண்டும். அடர்நிறங்களுக்கு ஒரு லிட்டர் சாயநீருக்குப் பல பத்துக் கிராம். இவ்வுப்பு சாயத்தை இழைக்குள் தள்ள உதவுகிறதே தவிர, தான் துணியில் தங்குவதில்லை. கிரேயிலும் இல்லாத, முடிந்த ஆடையிலும் இல்லாத ஒரு பொருள், இரண்டுக்கும் இடைப்பட்ட கட்டத்தில் மட்டும் தோன்றி ஆற்றில் இறங்கிற்று. ஏற்றுமதிப் பட்டியலில் அதற்குப் பெயரில்லை.

திருப்பூருக்குக் கீழே, பாசனத்துக்கெனக் கட்டப்பட்டு 1992இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தின் வழக்கில் 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கையைச் சாயப்பட்டறைகளுக்குப் பொருத்தியது. 2011 சனவரி 28இல் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத நிலையை எட்டும்வரை திருப்பூரின் சாய, சலவை ஆலைகளை மூட ஆணையிட்டது. உழவரின் இழப்பு மறுக்கமுடியாதது, அத்தீர்ப்புகளின் தேவையும் ஐயத்துக்கு இடமற்றது.

ஆயினும் ‘மாசுபடுத்தியவர்’ யார் என்னும் கேள்விக்குக் கிரேயின் எல்லையே விடையாக அமைந்ததைக் குறிப்பிட வேண்டும். வரிக் கணக்கில் கிரேயின் மதிப்பு பதப்படுத்துபவரின் தலையில் ஏற்றப்பட்டது. மாசுக் கணக்கில் கிரேக்கு உரியவர் கணக்கிலேயே வரவில்லை. எந்த நிறம், எவ்வளவு அடர்த்தி என்று முடிவுசெய்தவர் அவரும், அவருக்கு அப்பாலுள்ள வெளிநாட்டுக் கொள்முதலாளரும் ஆவர். ஆனால் துணி கிரேயாக இருந்தவரை அவர் கையிலும், நிறமேறும்போது பிறர் கையிலும் இருந்தது. சாயப்பட்டறைகள் பலவும் ஏற்றுமதியாளருக்கே உரியவை என்பதும், கூலிப்பட்டறை உரிமையாளர்கள் அனைவரும் எளியவர் அல்லர் என்பதும் உண்மையே. எனினும் கூலிக்குச் சாயமிட்ட சிறு பட்டறைகளைப் பொறுத்தவரை, இரு சட்டக்களங்களிலும் சுமை அவர்கள் பக்கமே சாய்ந்தது.

மூடலின்போது ‘கிரே’ என்னும் சொல்லின் இடப்பொருள் நேரடியாகவே வெளிப்பட்டது. ஊருக்குள் சாயமிட இடமின்றி, கிரே வெளியூர்களுக்கும் வெளிமாநிலங்களுக்கும் லாரி ஏறியது. பின்னுவதும் தைப்பதும் திருப்பூரில், இடைக்கட்டம் மட்டும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால்.

சாம்பல் நிறமான கிரே

‘கிரே’ தன் நிறப்பொருளை முற்றிலும் இழந்துவிடவில்லை. விளையாட்டு ஆடைகளிலும் டி-சட்டைகளிலும் மிகுதியாகக் கேட்கப்படும் ‘கிரே மெலாஞ்ச்’ உண்மையாகவே சாம்பல் நிறமுடையது. துணியாகப் பின்னியபின் சாயமிடுவதால் வருவதன்று அந்நிறம். கறுப்புச் சாயமேற்றிய இழைகளைச் சாயமேறாத இழைகளுடன் கலந்து நூற்பதனால் வருவது. இயந்திரத்திலிருந்து இறங்கும் மெலாஞ்ச் துணி, தொழில் வழக்கில், கிரே நிலையிலுள்ள கிரே. இரண்டாம் ‘கிரே’க்கு மட்டுமே கண்ணுக்குத் தெரியும் பொருள் உண்டு. தொழிலில் உள்ளோர் இதில் தடுமாறுவதில்லை. நிறத்தைச் சொல்லும்போது ‘மெலாஞ்ச்’ என்பதே போதும், ‘கிரே’ விடுபட்டுவிடுகிறது. நிலைப்பொருள் அவ்வளவு வலிமையாக அச்சொல்லைப் பற்றிக்கொண்டுள்ளது.

சட்டத்தின் வழக்கோ நேரெதிரானது. இந்தியா 1986 முதல் பின்பற்றிவரும் உலகளாவிய சரக்குக் குறியீட்டு முறை, ஜவுளிப் பிரிவின் குறிப்புகளில் வெளுக்காத நூல், வெளுத்த நூல், வண்ண நூல் ஆகியவற்றை வரையறுக்கிறது. சாயமேற்றிய இழையைச் சாயமேறாத இழையுடன் கலந்த நூல் வண்ண நூல். ஆகவே சாம்பல் நிற மெலாஞ்ச் சட்டப்படி ‘வண்ணம்’. தற்காலிகமான, கழுவினால் போகும் சாயம் ஏற்றப்பட்டிருந்தாலும் வெளுக்காத நூல் வெளுக்காத நூலே. நூற்பாலைகளில் கலப்பினை அடையாளங்காண இடும் வண்ணம் இவ்வகையது. நெசவுத்துணியில் வெளுக்காததையும் வெளுத்ததையும் தனித்தனி உட்பிரிவுகளாக வைக்கும் அம்முறை, 6006ஆம் தலைப்பிலுள்ள பருத்திப் பின்னல் துணியில் இரண்டையும் ஒன்றாகவே வைக்கிறது. திருப்பூரின் சலவைப்பட்டறையைச் சுற்றி எழுந்த அத்தனை வேறுபாடும் அந்த ஒரு வரியில் மறைகிறது.

‘கிரே நூல்’ என்னும் தொடர் அக்குறிப்புகளில் ஓரிடத்தில் வருகிறது. தொழிலாளர் அறிந்த பொருளில் அன்று. கழிவுத் துணிகளைக் கிழித்து இழையாக்கி மீண்டும் நூற்கும்போது கிடைக்கும், இன்ன நிறமென்று சொல்லமுடியாத நூலுக்கு அப்பெயர். அதுவும் வெளுக்காத நூலின் ஒரு வகையாகவே எண்ணப்படுகிறது. திருப்பூரின் கட்டிங் மேசைகளில் சேரும் வெட்டுத்துணிகள், அவ்வட்டாரத்தின் ஓ.இ. நூற்பாலைகளுக்குச் செல்கின்றன. நிறம் பிரித்தவை அந்தந்த நிற நூலாகும். பிரிக்காமல் கலந்தவை நிறம் தெளியா நூலாகும். கிரேயாகப் பிறந்து, வெளுக்கப்பட்டு, சாயமேறி, அதன் உப்பினை நீரில் விட்டு, வெட்டுமேசையில் மிஞ்சிய துணி, கிழித்து நூற்றபின் சட்டத்தின் ஏட்டில் மறுபடியும் ‘வெளுக்காதது’ என்னும் நிரலில் பதிவாகிறது.